முதலில் கனெக்டரை முடிவு செய்யுங்கள்

தோப்பு மோட்டாரைப் போடுவதற்கு இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு நடப்பதில்லை. தேவதானப்பட்டியைச் சுற்றி மஞ்சளாற்றுப் பாசன வயலானாலும் சரி, போர் போட்ட மாந்தோப்பானாலும் சரி, பல மோட்டார் ரூம்களில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்ட இன்னொரு சின்னப் பெட்டி தொங்குகிறது. மூணு ஃபேஸ் கரண்ட் எத்தனை மணிக்கு வந்தாலும் வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த தலைமுறைக்கு இது சாதாரண வசதி இல்லை. இந்தப் பெட்டியை நான் மனதார வரவேற்கிறேன். அதனால்தான் அது அற்பக் காரணத்துக்காக நின்றுபோகும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஸ்டார்ட்டர் போர்டு, யூபிஎஸ், பேட்டரி ஸ்ப்ரேயர், சோலார் விளக்கு, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட் என்று எல்லாமே என் மேசைக்கு வரும். ஐசி கருகி வரும் போர்டு உண்டு, இடி இறங்கி வரும் போர்டும் உண்டு. ஆனால் அவற்றைவிட, மற்ற எல்லாம் நன்றாக இருக்க ஒரு கனெக்டர் மட்டும் போய் வரும் போர்டுகள்தான் அதிகம். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும்: தண்ணீர் ஒழுகுவது பெரும்பாலும் குழாயின் நடுவில் இல்லை, மூட்டில்தான்.

நம் பிள்ளைகளுக்குச் சர்க்யூட் சொல்லிக்கொடுக்கிறோம், கோடிங் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு ஒயரை இன்னொரு ஒயரோடு, ஒரு போர்டை இன்னொரு போர்டோடு எப்படிச் சேர்ப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பழகும் மாணவர்களும், சொந்தமாகக் கருவி செய்து விற்கும் இளைஞர்களும் எல்லா வேலையும் முடிந்த பிறகு, கையில் என்ன கிடக்கிறதோ அந்தக் கனெக்டரைப் போட்டு முடிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். போர்டு வரைவதற்கு முன்பே கனெக்டரை முடிவு செய்ய வேண்டும். அந்தப் போர்டு எத்தனை வருடம் ஓடும், கெட்டுப்போனால் உள்ளூரில் சரிசெய்ய முடியுமா என்ற இரண்டையும் தீர்மானிப்பது அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான்.

ஒரு பெட்டிக்குள் பார்த்தது

மாம்பூப் பருவம் முடிந்த சமயத்தில் ஒரு தோப்புக்காரர் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். "அண்ணே, போன் போட்டா எடுக்குது, மோட்டார் ஆன்னு மெசேஜும் வருது. தோப்புக்குப் போய்ப் பார்த்தா மோட்டார் சும்மா நிக்குது" என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு போர்டு. சிம் உள்ள போர்டு ஒன்று, ரிலே உள்ள போர்டு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நாலு முனை ரிலிமேட் கனெக்டர். சிம் போர்டு உத்தரவு கொடுக்கிறது, ரிலேயிலிருந்து 'டிக்' சத்தம் வரவில்லை. ஒயரை லேசாக அசைத்தால் சத்தம் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது.

கனெக்டரிலிருந்து அந்த ஒயரின் முள்ளை உருவி லென்ஸுக்குக் கீழே வைத்தேன். நல்ல கிரிம்பில், அதாவது ஒயரை முள்ளோடு அழுத்திச் சேர்க்கும் இடத்தில், இரண்டு பிடி இருக்கும். முன்னால் உள்ள ஜோடிச் சிறகு செம்பு இழைகளைக் கவ்வ வேண்டும். பின்னால் உள்ள ஜோடிச் சிறகு ஒயரின் மேல்தோலைக் கவ்வ வேண்டும். இழுப்பும் அசைவும் வரும்போது தாங்குவது பின்னால் உள்ள பிடி, கரண்ட் கடத்துவது முன்னால் உள்ள பிடி. இங்கே யாரோ கட்டிங் பிளேயரால் அழுத்தியிருக்கிறார்கள். முன்சிறகு இழைகளில் பாதியை வெட்டிவிட்டது. பின்சிறகு தோலைப் பிடிக்காமல் வெறும் செம்பையே பிடித்திருக்கிறது. மிச்சமிருந்த இழைகள் கறுத்துப்போயிருந்தன. "மருந்து மூட்டையை எங்கண்ணே வைப்பீங்க?" என்று கேட்டேன். மோட்டார் ரூமில்தான், ஸ்டார்ட்டருக்குக் கீழே. சாம்பல் நோய்க்கு மாம்பூவில் அடிக்கும் நனையும் கந்தகம். கந்தகத்துக்கும் செம்புக்கும் ஆகாது. ஈரக் காற்றும் சேர்ந்தால் கறுப்பு ஏறிவிடும்.

புது முள் ஒன்று அடித்துச் செருகினேன், ரிலே பேசியது. மாற்றிய பொருள் ஒரு ரூபாய்கூடப் பெறாது. அதற்காக ஒரு தோப்பு தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கிறது. பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் தப்பினால் அதன் விலை என்ன என்று பெரியகுளம் பக்கத்து மா விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய இடங்களிலும் இதே கதை

இது கிராமத்து மெக்கானிக்குகளின் அரைகுறை வேலையால் வரும் பிரச்சினை என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு நியூட்ரினோ என்ற சொல் புதிதில்லை. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்தைப் பற்றி வருடக்கணக்கில் பேசியிருக்கிறோம், எதிர்த்தும் இருக்கிறோம். அதே நியூட்ரினோவை ஐரோப்பாவில் ஆராய்ந்துகொண்டிருந்த ஓபெரா குழு 2011 செப்டம்பரில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஜெனிவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் உள்ள கூடத்துக்குச் சுமார் 730 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாகவே கடந்துவிட்டதாகக் கணக்கு சொன்னது. உண்மையாக இருந்தால் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். 2012 பிப்ரவரியில் காரணம் வெளியே வந்தது. ஜிபிஎஸ் கருவியிலிருந்து வரும் நேரக் குறிப்பைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஒளியிழைக் கேபிளின் கனெக்டர் முழுசாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்து மறுபடி அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியைத் தாண்டவில்லை. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த சோதனையை ஒரு லூஸ் கனெக்‌ஷன் மாதக்கணக்கில் அலைக்கழித்தது.

இரண்டாவது சம்பவத்தில் உயிர்கள் போயின. 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கிக் கிளம்பிய 'டாலி' என்ற சரக்குக் கப்பலில் கரண்ட் போனது. இயந்திரமும் நின்றது. கட்டுப்பாடு இழந்த கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சரிந்து, அதன் மேல் சாலை பராமரிப்பில் இருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அந்தக் கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை அறிவித்தது. கப்பலின் மின் அறையில் ஒரு சிக்னல் ஒயர் டெர்மினலுக்குள் சரியாக நுழையவில்லை. ஒயருக்கு அடையாளம் காட்ட நுனியில் மாட்டிய லேபிள் உறை, ஒயரை முழுசாக உள்ளே போகவிடாமல் தடுத்திருந்தது. பிடி இல்லாத ஒயர் கழன்றதில் பிரேக்கர் விழுந்தது. ஆயிரக்கணக்கான ஒயர்கள் ஓடும் கப்பலில் ஒரே ஒரு ஒயர்.

லேபிளை இன்னும் கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தால், ஒயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த இழுத்துப் பார்க்கும் பழக்கம் சின்ன வயதில், சின்னப் போர்டில் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கனெக்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்.

முதல் கேள்வி, எவ்வளவு கரண்ட், எவ்வளவு வோல்ட். பேட்டரி ஸ்ப்ரேயரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரி, மோட்டார் 3 ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று வையுங்கள். நல்ல இணைப்பின் மின்தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அது தளர்ந்து அரை ஓம் ஆகிவிட்டால் என்ன ஆகும்? 3-ஐ 3-ஆல் பெருக்கி, பாதியாக்குங்கள். நாலரை வாட் சூடு, சுண்டுவிரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக்குக்குள். மோட்டாருக்குப் போக வேண்டியதில் ஒன்றரை வோல்ட்டும் காணாமல் போகும். சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். கனெக்டர் பழுப்பேறி உருகுவது இப்படித்தான். ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் என்று விற்கும் 2.5 மி.மீ. கனெக்டருக்கு அதன் கம்பெனி கொடுத்திருக்கும் அளவு 3 ஆம்ப்ஸ், அதுவும் அதற்குரிய தடிமனான 22 கேஜ் ஒயர் போட்டால். அதன் தம்பியான 2 மி.மீ. பிஹெச் கனெக்டருக்கு 2 ஆம்ப்ஸ். எழுதியிருக்கும் அளவு வரைக்கும் முட்டிக்கொண்டு போகாமல், பாதியிலேயே நிறுத்திக்கொள்வது நம் வெயிலுக்கு நல்லது.

இரண்டாவது கேள்வி, எத்தனை தடவை கழற்றி மாட்டப் போகிறோம். யூஎஸ்பி-சி சாக்கெட் 10,000 தடவை செருகி எடுப்பதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. போர்டுக்குள் போடும் தகரம் பூசிய சின்னக் கனெக்டர்கள் சில பத்து தடவைக்கே ஆனவை. அவை பழுதுபார்ப்பவர் கழற்றி மாட்டுவதற்கு, தினமும் சார்ஜ் போடுவதற்கு இல்லை. தினம் கழற்றும் இடத்துக்கு டிசி பின் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளி அளவு 5.5 மி.மீ. என்று ஒன்றாக இருந்தாலும், உள் அளவில் 2.1, 2.5 என்று இரண்டு ரகம் உண்டு. 2.1 சாக்கெட்டில் 2.5 பின் போகும், ஆனால் பிடிக்காது. ஸ்ப்ரேயர் சார்ஜ் ஏறவில்லை என்று வருவதில் இந்தப் பொருத்தம் இல்லாத ஜோடியை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மூன்றாவது கேள்வி, கருவி எங்கே இருக்கப் போகிறது. மேசையிலா, மோட்டார் ரூமிலா, வண்டியிலா, வெட்டவெளியிலா? அதிர்வு இருக்கும் இடத்தில் பூட்டு இல்லாத கனெக்டர் நிற்காது. மழையும் மருந்துத் தூளும் படும் இடத்தில் ரப்பர் வளையம் உள்ள, திருகி மூடும் கனெக்டர் வேண்டும். முலாம் விஷயத்திலும் கவனம் தேவை. ஒரு பக்கம் தங்க முலாம், மறுபக்கம் தகர முலாம் என்று கலந்து மாட்டினால், சின்னச் சின்ன அதிர்வில் உரசி உரசித் தகரத்தின் மேல் கறை ஏறி, நாளடைவில் தொடர்பு விட்டுவிட்டு வரும். தங்கத்துக்குத் தங்கம், தகரத்துக்குத் தகரம்.

நான்காவது கேள்வி, தப்பாக மாட்ட முடியுமா. மாட்ட முடியும் என்றால், யாராவது ஒருநாள் மாட்டியே தீருவார்கள். நம் வீட்டுச் சுவரில் உள்ள மூணு பின் சாக்கெட்டையும் அதில் செருகும் பிளக்கையும் கவனித்துப் பாருங்கள். பிளக்கில் எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். மாட்டும்போது அது முதலில் தொடும், கழற்றும்போது கடைசியில் விடும். சுவர்ப்பக்கம் துளை, கையில் பிடிக்கும் பக்கம் முள். அதனால் கரண்ட் உள்ள உலோகம் விரலில் படாது. சின்னப் போர்டிலும் இதே நியாயம்தான்: மின்சாரம் கொடுக்கும் பக்கத்தில் மூடிய துளை, வாங்கும் பக்கத்தில் முள். ஒரே பெட்டிக்குள் 440 வோல்ட் கோட்டுக்கும் 5 வோல்ட் சென்சாருக்கும் ஒரே மாதிரிக் கனெக்டர் போடவே கூடாது. பேட்டரி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சின்ன லித்தியம் பேட்டரிகளில் ஒரே பிஹெச் கனெக்டரை ஒரு கம்பெனி சிவப்பு இடம், கறுப்பு வலம் என்று போடும். இன்னொரு கம்பெனி நேர்மாறாகப் போடும். கனெக்டர் அழகாகப் பொருந்திவிடும், போர்டு புகைந்துவிடும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் புதுப் பேட்டரியை மாட்டாதீர்கள்.

ஐந்தாவது கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. இது நம் ஊரில் கிடைக்குமா? கையில் உள்ள கருவியால் அதை நாமே மாட்ட முடியுமா? எவ்வளவு உயர்ந்த கனெக்டராக இருந்தாலும், அது சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால்தான் கிடைக்கும் என்றால், தோப்புக்காரர் அதுவரை காத்திருக்க முடியாது. நம் கடைகளில் ரிலிமேட் என்று கேட்டால் கொடுப்பார்கள், பெர்க் ஸ்டிரிப் என்று கேட்டால் கொடுப்பார்கள். இவை 2.54 மி.மீ. இடைவெளி உள்ளவை. எக்ஸ்ஹெச் 2.5 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு மூன்று முனை வரைக்கும் ஒன்று மற்றதில் இறுக்கிப் பிடித்து ஏறிக்கூட விடும். பத்து முனைக்கு வந்தால் கடைசி முள் 0.36 மி.மீ. தள்ளி நிற்கும். அழுத்தி ஏற்றினால் முள் வளையும் அல்லது போர்டில் உள்ள ஈயம் விரிசல் விடும். ஒரு குடும்பத்தில் வாங்கினால் ஆண், பெண், முள், கூடு எல்லாவற்றையும் அதே குடும்பத்தில் வாங்குங்கள்.

எதற்கு எது

கேள்விகளைக் கேட்டாயிற்று. என் கை அனுபவத்தில் எதை எங்கே போடுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜம்பர் ஒயர் பழகுவதற்கு மட்டும். அதில் பூட்டும் இல்லை, திசையும் இல்லை. மேசையில் சோதித்துப் பார்த்த பிறகு அதைக் கழற்றிவிட வேண்டும். போர்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் ரிலிமேட் அல்லது எக்ஸ்ஹெச், இரண்டில் ஒன்றை எடுத்து எல்லாப் போர்டிலும் அதையே போடுங்கள். மெயின் கரண்ட் வரும் இடத்தில் 5.08 மி.மீ. இடைவெளி உள்ள ஸ்க்ரூ டெர்மினல், அதுவும் வோல்டேஜ் அளவு எழுதிய நல்ல ரகம். மோட்டார், பேட்டரி போன்ற கனமான இடங்களுக்கு வட்ட லக் அடித்து போல்ட் போட்டு முறுக்க வேண்டும். 5 வோல்ட் கருவி எதுவானாலும் இனி யூஎஸ்பி-சி. ஐரோப்பா 2024 டிசம்பர் முதல் செல்போன்களுக்கு அதையே கட்டாயமாக்கிவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2023-ல் அதற்குத் தரம் வெளியிட்டிருக்கிறது. எந்த வீட்டிலும் கேபிள் கிடைக்கும் என்பதே அதன் பெரிய பலம்.

ஸ்க்ரூ டெர்மினல் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிபிரியான ஒயரின் நுனியில் ஈயம் வைத்துக் கெட்டியாக்கி, பிறகு ஸ்க்ரூவில் முறுக்குவது நம் ஊரில் பரவலான பழக்கம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஈயம் மென்மையான உலோகம், அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொடுக்கும். சில மாதத்தில் ஸ்க்ரூவின் பிடி தானாகத் தளர்ந்துவிடும். வெறும் ஒயரை முறுக்குங்கள். அல்லது ஃபெரூல் எனப்படும் சின்ன உலோகக் குழலை நுனியில் மாட்டி அழுத்திவிட்டு முறுக்குங்கள்.

சோலார் பம்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்துக்குப் பிறகு விவசாய நிலங்களில் சோலார் தகடுகள் பெருகிவருகின்றன. தகடுகளை இணைக்கும் எம்சி4 கனெக்டரை இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறு கம்பெனியின் பெண் முனையில் செருகினால் 'டக்'கென்று பொருந்திவிடும். பொருந்துவது வேறு, பிடிப்பது வேறு. உள்ளே உலோகத்தின் அளவும் முலாமும் கொஞ்சம் மாறினாலும் சூடாகும். டிசி கரண்டில் தீப்பொறி கிளம்பினால் எளிதில் அணையாது. சோலார் தீ விபத்துகளுக்கு இந்தக் கலப்பு இணைப்பு உலகம் முழுக்கத் தெரிந்த காரணம். நீட்டிப்புக் கேபிள் வாங்கும்போது தகட்டில் உள்ள அதே கம்பெனிக் கனெக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கனெக்டரே வேண்டாத இடமும் உண்டு. ஒருபோதும் கழற்றப் போவதில்லை என்றால் நேராகப் பற்றவைத்து, ஒயர் அசையாதபடி கட்டிவிடுவதே நல்லது. ஒவ்வொரு கனெக்டரும் கெட்டுப்போக ஒரு வாய்ப்பு. அதனால்தான் தேவையான இடத்தில் மட்டும், தேவையான ரகத்தைப் போட வேண்டும் என்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டும்

ஒவ்வொரு வருடமும் அறிவியல் கண்காட்சி நேரத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கடைக்கு வருவார்கள். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி, கண் தெரியாதவர்களுக்கு அதிரும் கைத்தடி, அணையின் மட்டம் சொல்லும் கருவி. யோசனை ஒவ்வொன்றும் நம் மண்ணிலிருந்து வந்தது. வீட்டில் ஓடும். பஸ்ஸில் தேனி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போய் இறக்கினால் ஓடாது. "மாமா, நேத்து ராத்திரி கூட ஓடுச்சு மாமா" என்று போனில் அழுகிற குரலைக் கேட்டிருக்கிறேன். கோடிங்கில் தப்பில்லை, யோசனையிலும் தப்பில்லை. ஜம்பர் ஒயர் ஒன்று குலுக்கலில் கழன்றிருக்கும். எது எங்கே இருந்தது என்று அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தெரியாது. நடுவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளை 'நமக்கு எலெக்ட்ரானிக்ஸ் வராது' என்று முடிவுகட்டிவிடும். இதுதான் எனக்குப் பொறுக்க முடியாத நஷ்டம்.

2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தரப்படுகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் வரும் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கும் அந்தப் பணத்தில், சில ஆயிரம் ரூபாய்க்கு நல்ல ராட்செட் கிரிம்பிங் டூல் இரண்டும், ஒரே குடும்பத்துக் கனெக்டர் பெட்டி ஒன்றும், ஒரு லென்ஸும் கட்டாயம் வாங்க வேண்டும். ராட்செட் டூல் முழு அழுத்தம் கொடுக்கும் வரை கையை விடாது. அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை அடித்தாலும் அனுபவப்பட்டவர் அடித்தாலும் கிரிம்ப் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். பெரிய கேபிளுக்கு லக் அடிப்பதை ஐடிஐ-யில் வயர்மேன் படிக்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதே பாடத்தைச் சின்ன ஒயரில் எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம். தோலை உரி, இழை வெட்டுப்படாமல் பார், இரண்டு பிடியும் சரியாக விழுந்திருக்கிறதா என்று லென்ஸில் பார், இழுத்துப் பார். ஒரு மதிய நேரத்தில் முடிகிற பாடம், ஆயுசுக்கும் பயன்படும்.

"கிட்டோடு வருவதைப் போட்டால் போதாதா, இதற்கெல்லாம் செலவு எதற்கு" என்று கேட்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரு கனெக்டர் ஜோடியின் விலை சில ரூபாய். அது இல்லாததால் வீணாகும் சென்சார், போர்டு, பிள்ளையின் நம்பிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் எது செலவு என்று புரியும்.

கனெக்டரில் ஒரு தடவை எடுத்த முடிவு எவ்வளவு காலம் நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு, பிள்ளைகள் எல்லோர் கையிலும் இருக்கும் ஆர்டுயினோ போர்டே சாட்சி. அதில் 7-ஆம் முனைக்கும் 8-ஆம் முனைக்கும் நடுவில் மட்டும் இடைவெளி 2.54 மி.மீ. இல்லை, சுமார் 4.06 மி.மீ. இத்தாலியில் முதலில் போர்டு வரைந்தபோது நேர்ந்த பிசகு அது. அதற்குள் அதன் மேல் மாட்டும் போர்டுகள் பலர் கைக்குப் போய்விட்டன. அதனால் திருத்தவே முடியவில்லை, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. முதலில் யோசிக்க வேண்டியதை முதலில் யோசிக்க வேண்டும்.

செய்து விற்பவர்களிடமும் அரசிடமும்

விவசாயக் கருவி செய்து விற்கும் நம் மாவட்டத்து இளைஞர்களிடமும், கோவையிலும் சென்னையிலும் உள்ள தயாரிப்பாளர்களிடமும் எனக்கு நான்கு கோரிக்கை. பெட்டிக்குள் எந்தக் குடும்பத்துக் கனெக்டர் போட்டிருக்கிறீர்கள் என்று மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். எந்த முனை பிளஸ், எந்த முனை மைனஸ் என்று போர்டிலேயே அச்சடியுங்கள். கடையில் கிடைக்கும் பொதுவான கனெக்டரையே போடுங்கள். போர்டு முழுக்க ரெசின் ஊற்றி மூடுவது மழைக்கு நல்லது, ஆனால் கனெக்டரை மட்டுமாவது வெளியே விடுங்கள். அப்போதுதான் ஒரு ஒயர் போனதற்காக முழுப் பெட்டியையும் தூக்கியெறிய வேண்டிய நிலை வராது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கான திட்டத்தைக் கையில் எடுத்தபோது நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தது. செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவற்றோடு விவசாயக் கருவிகளும் அதில் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென்று இணையதளமும் தொடங்கினார்கள். உதிரிப்பாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தக் கையேட்டில் கனெக்டரின் பெயர், முனை வரிசை, ஒயரின் தடிமன் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தால், கிராமத்துப் பழுதுபார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. மானியத்தில் கொடுக்கும் சோலார் பம்புக்கும், மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் வேளாண் பொறியியல் துறை இந்த நிபந்தனையை டெண்டரிலேயே சேர்க்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலின் மாசி மகாசிவராத்திரிக்கு ஊரெல்லாம் விளக்குக் கட்டும்போது பார்த்தால் தெரியும். கலர் மாறும் எல்இடி சரங்களில் ஒன்றுக்கொன்று மூணு முனைக் கனெக்டர் இருக்கிறது, தப்பாக மாட்ட முடியாது, பூட்டு விழும். ஒரு சரம் போனால் விளக்குக் கட்டும் பையனே கழற்றி அடுத்ததை மாட்டிவிட்டுப் போகிறான். யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. அலங்கார விளக்கில் சாத்தியமானது, விவசாயியின் பாசனக் கருவியில் ஏன் சாத்தியமாகக் கூடாது?

எலெக்ட்ரானிக்ஸ் பழகும் தம்பி தங்கைகளே, அடுத்த கருவிக்குத் தாள் எடுக்கும்போது ஐசி பெயரை எழுதும் முன், ஒவ்வொரு ஒயரும் எங்கே சேருகிறது, எத்தனை ஆம்ப்ஸ், எந்தக் கனெக்டர், எந்தக் கடையில் கிடைக்கும் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். பிறகு சர்க்யூட் வரையுங்கள். செய்து முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் விரலால் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். அந்த இழுவைக்குத் தாங்கிய கருவியைத் தைரியமாகத் தோப்புக்குக் கொண்டுபோகலாம்.